எஸ்பிரஸோ என்றால் நுரை

நம்ம ஊர்ல எஸ்பிரஸோ கேட்டா என்ன தருவாங்க? கல்யாண மண்டப வாசலில் ஒரு பாய்லர், அதிலிருந்து நீளும் குழாய், 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம், சாக்லேட் பொடி தூவிய பால்நுரை. இத்தாலியில் அதே பெயருக்கு ஒரு வாய் கறுப்புக் காபிதான் வரும். பால் ஒரு சொட்டு இருக்காது.

நீராவியால் காபி இறக்கும் இயந்திரத்துக்கு 1884-ல் டூரினில் ஆஞ்சலோ மொரியோண்டோ காப்புரிமை வாங்கினார். 1901-ல் மிலானின் லூயிஜி பெட்செரா அதைக் கோப்பை கோப்பையாக இறக்கும்படி மாற்றினார். அவற்றில் அழுத்தம் ஒன்றரை பார் அளவுதான். 1948-ல் அக்கில்லே காஜியாவின் நெம்புகோல் இயந்திரம் அதை எட்டு, ஒன்பது பாருக்கு உயர்த்தியது. காபியின் மேலேயே பொன்னிற நுரை கட்டியது.

நம்ம கல்யாண மெஷினில் இந்த அழுத்தம் கிடையாது. காபிக்கு இன்ஸ்டன்ட் பொடி. நீராவி முழுக்கப் பாலுக்கு. அதாவது, காபி இறக்கும் வித்தையை விட்டுவிட்டு நுரைக்கும் வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நுரை நமக்கு ஏற்கெனவே பழக்கம் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். பூவம் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் பகுதிதான். ஆனா காபியில நாங்க கும்பகோணம் பக்கம். டபராவிலிருந்து டம்ளருக்கு ஆத்தும்போது பாலுக்குள் காற்று புகுகிறது. பாலின் புரதம் குமிழைச் சுற்றிப் படலமாகப் பிடித்துக்கொள்கிறது. நீராவிக் குழாயும் இதையேதான் செய்கிறது. ஒரே வித்தியாசம்: ஆத்தினால் பால் ஆறும், நீராவியில் சூடேறும்.

அதனால வீட்டு மெஷினில் பழகுறவங்க முதலில் மாற்ற வேண்டியது பால் பழக்கத்தை. கொதிக்கும் பாலில் நுரைக்க நேரமே கிடைக்காது. கறந்த பாலா? காய்ச்சி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் குளிரவிட்டு, ஏட்டை எடுத்துடுங்க. குழாயில் தேங்கிய தண்ணீரை முதலில் வெளியே ஊதிவிடணும். பிறகு குழாய் முனை பாலின் மேற்பரப்புக்குச் சற்றே கீழே. 'சிர்ர்' சத்தம் சில நொடி போதும். அப்புறம் முனையைக் கொஞ்சம் இறக்கி, ஓரமாகச் சாய்த்தால் பால் சுழலும், பெரிய குமிழ்கள் உடைந்து நுண்ணுரையாகும். பாத்திரத்தில் கை வைக்க முடியாத சூடு, சுமார் 60 டிகிரி, அங்கே நிறுத்தணும். 70-ஐத் தாண்டினால் நுரையும் தளரும், இனிப்பும் போகும்.

கல்யாண மாஸ்டர் வேண்டுமென்றே பெரிய குமிழாக ஊதுவார். அது தப்பில்லை; தூரத்திலிருந்தே தெரியணுமே!