புரியாத படிவத்தில் போட்ட கையெழுத்து

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர் என் பெரியம்மா. சில வருடங்களுக்கு முன் கர்ப்பப்பை இறக்கத்துக்காக அவரை அரச வைத்தியசாலையொன்றில் சேர்த்திருந்தோம். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் ஒரு படிவம் நீட்டப்பட்டது. முழுவதும் சிங்களம். பெரியம்மா தன் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள் என்பது வீடு திரும்பிய பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. "எறங்குனத ஏத்தித் தைப்பாங்கன்னு நெனைச்சேன்" என்றார்.

அந்த வைத்தியரைத் திட்ட எனக்கு மனமில்லை. "வலிக்குதா" என்ற ஒரே தமிழ்ச் சொல்லைப் பழகி வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டவர் அவர். சிகிச்சையும் நன்றாகவே முடிந்தது. ஆனால் பெரியம்மா கொடுத்தது சம்மதமா?

மருத்துவ அறநெறியில் சம்மதம் என்பது கையெழுத்து அல்ல. என்ன செய்யப் போகிறோம், அதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, வேண்டாமென்றால் என்னவாகும் என்பவற்றை நோயாளி விளங்கிக்கொண்டு முடிவெடுப்பது. இந்த நோயில் பலருக்கு வளையம் பொருத்தியும் சமாளிக்கலாம். அப்படியொரு வழி இருப்பதே பெரியம்மாவுக்குத் தெரியாது. உலக மருத்துவச் சங்கம் 1948இல் உருவாக்கிய ஜெனீவாப் பிரகடனத்தில் நோயாளியின் தன்னாட்சியை மதிப்பேன் என்ற உறுதிமொழி சேர்ந்ததே 2017இல்தான்.

மலையகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய காயமும் உண்டு. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசு பணம் கொடுத்தது. ஒரு கட்டத்தில் அது 500 ரூபா. அன்றைய தோட்டக் கூலியில் அது பல நாள் உழைப்பு. நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டங்களில் நிரந்தரக் கருத்தடை அதிகமாக இருந்ததைக் குடித்தொகை ஆய்வுகளே காட்டின. விரும்பிச் செய்தவர்களும் இருந்தார்கள். ஆனால் பணமுடை, தோட்ட நிர்வாகத்தின் அழுத்தம், புரியாத மொழி எல்லாம் சேர்ந்த இடத்தில் விருப்பத்தை எப்படிப் பிரித்தறிவது?

சட்டம் எழுத்தில் இருக்கிறது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பசறை பிரதேச செயலாளர் பிரிவு 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டுவிட்டது. தமிழில் ஒரு படிவம் கேட்பது யாரிடமும் சலுகை கேட்பதல்ல.

படிவம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். வாட்டில் மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் ஒரு சிற்றூழியர், இல்லையென்றால் பக்கத்துக் கட்டில்காரரின் மகள். வெள்ளைபடுதல், சிறுநீர்க் கசிவு, கணவன் அடித்த காயம் எல்லாம் அந்தப் பிள்ளையின் வாய்வழியாகத்தான் வைத்தியரிடம் போகின்றன. பெண்கள் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். வைத்தியர் மீதியை வைத்து மருந்தெழுதுகிறார். சிங்களவர் அதிகம் வரும் வாட்டில் ஒரு தமிழ்த் தாதிக்கும் இதே சிக்கல் வரலாம். பயிற்சி பெற்ற, இரகசியம் காக்கக் கடமைப்பட்ட மொழிபெயர்ப்பாளர் ஒருவர், தொலைபேசியிலாவது, இருக்கவேண்டும். சொன்னதை நோயாளியே தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லக் கேட்டால் புரிந்ததா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வளையம் பற்றிப் பெரியம்மாவிடம் பிறகு சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "தெரிஞ்சிருந்தாலும் ஆபரேசனுக்குத்தான் சரின்னுருப்பேன். ஆனா என்னையக் கேட்டுருக்கலாமே தம்பி."

கிளினிக்குக்கு இப்போதும் நான்தான் கூடப் போகிறேன், மொழிபெயர்ப்பதும் நான்தான். மகன் முறையான என் முன்னால் அவர் வைத்தியரிடம் சொல்லாமல் விடுவது எவ்வளவோ இருக்கும்.