மறைத்து வைத்த துப்பாக்கியும் நியூயார்க் சுரங்க ரயிலும்



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு விவாதம் ஓடியது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டார்கள். பயணிகள் லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கியை உடுப்புக்குள் மறைத்து வைத்துக்கொண்டு ரயிலில் வர அனுமதித்தால் எல்லோருக்கும் பாதுகாப்பு என்றது ஒரு கட்சி. அப்படி அனுமதித்தால் பிள்ளைகளை அந்த ரயிலில் ஏற்றவே மாட்டோம் என்றது மறு கட்சி. "ஐயா, நீங்க சொல்லுங்க" என்று கடைசியில் என் தலையில் கட்டிவிட்டார்கள். குழுவில் எழுதினால் நடுவில் பத்துப் பேர் புகுந்துவிடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நம்மூரில் சப்வே என்றால் சாலைக்கு அடியில் நடந்து போகும் பாதை. நியூயார்க்கில் சப்வே என்றால் சுரங்க ரயில். 1904 அக்டோபர் 27-இல் ஓடத் தொடங்கியது. இராப்பகல் 24 மணி நேரமும் ஓடுகிறது. வங்கி அதிகாரியும் பாத்திரம் கழுவுகிறவரும் ஒரே பெட்டியில் தோள் உரசி நிற்கும் இடம். துப்பாக்கிக் கேள்வியை வேறு எந்த இடத்தையும் விட இந்த ரயிலை வைத்துப் பார்ப்பது நல்லது.

ரயில் வந்து ஏழாவது ஆண்டில், 1911-இல், நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. கொண்டுவந்த செனட்டர் திமோத்தி சல்லிவன் பெயரால் சல்லிவன் சட்டம் என்பார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் டேவிட் கிரகாம் பிலிப்ஸ் என்ற நாவலாசிரியரைப் பட்டப்பகலில் நடுத்தெருவில் ஒருவன் சுட்டுக் கொன்றான். ஊரே கொதித்தது, சட்டம் வந்தது. மறைத்து வைக்கக்கூடிய கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம். பிற்பாடு, அதை வெளியில் எடுத்துப் போக வேண்டுமானால் தனியான, தக்க காரணம் காட்ட வேண்டும் என்றும் ஆனது. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்பது போதுமான காரணம் ஆகவில்லை. சாதாரண ஆளுக்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது.

1960-களிலிருந்து ரயிலில் பயம் கூடியது. 1965-இல் மேயர் வாக்னர் இரவு 8 மணி முதல் அதிகாலை 4 மணி வரை ஒவ்வொரு ரயிலிலும் ஒரு போலீஸ்காரர் என்று உத்தரவிட்டார். 70-களில் நகராட்சியிடம் காசு இல்லை. பெட்டிகளில் உள்ளும் புறமும் கிறுக்கல், விளக்கு எரியாது, கதவு மூடாது. வழிப்பறி சாதாரணமானது. 1979-இல் கர்ட்டிஸ் சிலிவா என்ற இளைஞர் 'கார்டியன் ஏஞ்சல்ஸ்' என்ற தொண்டர் படையைத் தொடங்கினார். சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, ஆயுதம் இல்லாமல், ரயிலில் சுற்றி வந்தார்கள். இந்த 'ஆயுதம் இல்லாமல்' என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது முக்கியமான சம்பவம். 1984 டிசம்பர் 22, சனிக்கிழமை பிற்பகல். பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்ற 37 வயது வெள்ளையர் 2-ஆம் எண் ரயிலில் ஏறினார். 1981-இல் கேனல் தெரு நிலையத்தில் சிலர் அவரை அடித்துப் பறிக்கப் பார்த்திருந்தார்கள். அதன்பின் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டார், மறுத்துவிட்டார்கள். லைசென்ஸ் இல்லாமலே ஒரு சிறு ரிவால்வரை இடுப்பில் மறைத்து வைத்திருந்தார். பெட்டியில் நான்கு கறுப்பின இளைஞர்கள். 18, 19 வயது. அவர்களில் ஒருவன் வந்து ஐந்து டாலர் கேட்டான். கெட்ஸ் எழுந்தார், ஐந்து முறை சுட்டார். நால்வருக்கும் காயம். ஒருவனுக்கு முதுகுத் தண்டில் அடிபட்டு, ஆயுள் முழுக்க நடக்க முடியாமல் போனது. இரண்டு பேரின் பைகளில் ஸ்க்ரூடிரைவர்கள் இருந்தன. துப்பாக்கி யாரிடமும் இல்லை.

ஊர் என்ன செய்தது தெரியுமா? தகவல் கேட்டுப் போலீஸ் அறிவித்த தொலைபேசிக்கு அழைத்துப் பலர் கெட்ஸைப் பாராட்டினார்கள். அவ்வளவு பயந்து போயிருந்தார்கள் மக்கள். அதை நாம் கேலி செய்யக் கூடாது. தினம் பயந்து பயந்து வேலைக்குப் போகிறவனுக்கு, ஒருவன் திருப்பி அடித்தான் என்ற செய்தி தேனாகத்தான் இனிக்கும்.

ஆனால் பாராட்டியவர்கள் அந்தப் பெட்டியில் இல்லை. பெட்டியில் இன்னும் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். சத்தம் கேட்டதும் பெரும்பாலோர் அடுத்த பெட்டிக்கு ஓடினார்கள். இரண்டு பெண்கள் ஓட முடியாமல் தரையில் கிடந்தார்கள். கெட்ஸே போய் "அடிபட்டதா?" என்று அவர்களைக் கேட்டார். ரயில் ஊழியர் துப்பாக்கியைக் கேட்டபோது கொடுக்காமல், தண்டவாளத்தில் குதித்து ஓடிவிட்டார். ஒன்பது நாள் கழித்து வேறு மாநிலத்தில் போலீஸில் சரணடைந்தார். அந்த இரண்டு பெண்களிடம் போய், "அவரிடம் துப்பாக்கி இருந்ததால் உங்களுக்குப் பாதுகாப்பாக இருந்ததா?" என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்? இந்தச் சம்பவத்தில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது அவர்களைத்தான்.

வழக்கு 1986-இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போனது. "எனக்கு ஆபத்து என்று நான் நம்பினேன், அது போதாதா?" என்பதுதான் கேள்வி. போதாது என்றது மன்றம். அந்த நிலைமையில் நிதானமுள்ள ஒருவரும் அப்படி நம்பியிருப்பாரா என்று பார்க்க வேண்டும் என்றது. ஒருவருடைய பயம் மட்டுமே சட்டமாகிவிடக் கூடாது என்பதே இதன் சாரம். 1987-இல் ஜூரி அவரைக் கொலை முயற்சிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு மட்டும் சிறை. 1996-இல் இன்னொரு ஜூரி, நடக்க முடியாமல் போனவருக்கு 4 கோடியே 30 லட்சம் டாலர் நஷ்டஈடு தரச் சொன்னது. இரண்டு ஜூரி, இரண்டு தீர்ப்பு. அந்த ஊரின் மனசாட்சியே இரண்டாகப் பிளந்து கிடந்தது.

அப்புறம் ரயில் எப்படித் தேறியது? 1984-இல் டேவிட் கன் என்பவர் ரயில் நிர்வாகத்துக்கு வந்தார். சுத்தம் செய்த பெட்டியில் கிறுக்கல் விழுந்தால் அதைத் துடைக்கும் வரை ஓட்டுவதில்லை என்று பிடிவாதம் பிடித்தார். 1989 மே மாதம் கடைசிக் கிறுக்கல் ரயிலும் போய்விட்டது. 1990-இல் வில்லியம் பிராட்டன் ரயில் போலீஸுக்குத் தலைவரானார். டிக்கெட் இல்லாமல் தாண்டிக் குதிக்கிறவர்களைப் பிடித்தார். அவர்களில் பழைய வாரண்ட் உள்ளவர்களும் ஆயுதம் வைத்திருந்தவர்களும் சிக்கினார்கள். இந்த முறை ஏழைகளையும் கறுப்பின மக்களையும் அளவுக்கு மீறித் தொல்லைப்படுத்தியது என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

1990-இல் நியூயார்க் நகரம் முழுவதும் 2,200-க்கும் மேல் கொலைகள். 2017-இல் 300-க்கும் குறைவு. இந்த 27 ஆண்டும் சல்லிவன் சட்டம் அப்படியே இருந்தது. சட்டத்தால்தான் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் துப்பாக்கிக்குத் தாராளமாக அனுமதி கொடுத்த ஊர்களிலும் அந்தக் காலத்தில் குற்றம் குறைந்தது. ஆனால் பயணிகள் கையில் துப்பாக்கி கொடுக்காமலே ரயில் பயத்திலிருந்து மீண்டது என்பது வரலாறு.

எதிர்க்கட்சிக்கும் ஒரு வலுவான வாதம் உண்டு. 2021 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இந்தச் சட்டத்தைப் பற்றி விசாரணை நடந்தது. நள்ளிரவில் வேலை முடிந்து சுரங்க ரயிலில் வீடு திரும்பும் ஆஸ்பத்திரி ஊழியர், அலுவலகம் கூட்டுகிறவர் ஆகியோருக்கு என்ன வழி என்று நீதிபதி அலிட்டோ கேட்டார். குற்றவாளி சட்டத்தை மீறித் துப்பாக்கி வைத்திருக்கிறான், ஒழுங்கானவன் வெறுங்கையோடு போகிறான் என்பது அவர் கேள்வியின் உட்பொருள். நியாயமான கேள்வி. ஆனால் சட்டத்தை எதிர்த்த தரப்பு வழக்கறிஞரிடம் ரயிலைப் பற்றிக் கேட்டபோது, தன் கட்சிக்காரர்கள் மன்ஹாட்டனில் இல்லை, அதனால் ரயிலை விட்டுக்கொடுத்துவிடலாம் என்கிற மாதிரி பதில் சொன்னார்!

2022 ஏப்ரல் 12-இல் புரூக்ளினில் ஓடும் ரயிலில் ஒருவன் புகைக் குண்டு போட்டுவிட்டுச் சுட்டான். பத்துப் பேருக்குக் குண்டுக் காயம். அந்தப் புகையில் இன்னும் நாலு பேர் துப்பாக்கியை எடுத்திருந்தால் யார் யாரைச் சுட்டிருப்பார்கள்? அடுத்த இரண்டு மாதத்தில், ஜூன் 23-இல், உச்ச நீதிமன்றம் 'தனிக் காரணம் காட்டு' என்ற நிபந்தனையை 6-க்கு 3 என்று ரத்து செய்தது. நியூயார்க் உடனே புதுச் சட்டம் போட்டு, லைசென்ஸ் இருந்தாலும் ரயிலிலும் பஸ்ஸிலும் துப்பாக்கி கூடாது என்றது. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்திலும் 2013 முதல் இதே தடை. 2024-இல் ஒரு நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2025-இல் மேல்முறையீட்டு மன்றம் செல்லும் என்றது.

2024 மார்ச்சில் நடந்த இரண்டைச் சொல்லி முடிக்கிறேன். மாநில ஆளுநர் ஹோக்கல் (அங்கே அது நம் முதலமைச்சர் போன்ற பதவி) பயணிகளின் பயத்தைப் போக்க 750 தேசியக் காவல் படையினரை நிலையங்களுக்கு அனுப்பினார். பெரிய துப்பாக்கியோடு அவர்கள் நிற்கும் படம் பரவியதும் முணுமுணுப்பு. பை சோதிக்கும் மேசையில் நீளத் துப்பாக்கி கூடாது என்று உடனே உத்தரவு. அடுத்த வாரம் புரூக்ளினில், ஆள் நிறைந்த ரயிலில் சண்டை. ஒருவன் துப்பாக்கியை எடுத்தான். எதிராளி அதையே பிடுங்கி அவனைச் சுட்டான். தற்காப்பு என்று கருதி, சுட்டவர் மீது வழக்குப் போடவில்லை. இடுப்பில் இருப்பது கடைசி வரை நம்முடையதாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

என் முடிவு இதுதான். மறைத்து வைத்த துப்பாக்கி, வைத்திருப்பவர் ஒருவருக்கே தைரியம் தரும். பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது, தெரிந்தால் பயம்தான் வரும். ரயில் பெட்டியில் பாதுகாப்பு உணர்வு என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற பொருள்களால் வருகிறது. எரிகிற விளக்கு, சுத்தமான பெட்டி, கூப்பிட்டால் வருகிற ஊழியர், கூட வருகிற ஜனம். நள்ளிரவில் வீடு திரும்பும் அந்த ஆஸ்பத்திரி ஊழியருக்கு அரசு கடன்பட்டிருப்பது இவற்றைத்தான். இவற்றைத் தராமல் "நீயே ஒரு துப்பாக்கி வைத்துக்கொள்" என்பது கைகழுவுகிற வேலை.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், ஆனால் காரணத்தோடு எழுதுங்கள். காரணம் இல்லாத விடைக்கு நான் என்றைக்கும் பாதி மார்க்தான் போட்டிருக்கிறேன், உங்களுக்கே தெரியும்.