தாய்ப்பாலும் கிணற்று நீரும்: கல்முனைக் கரையோரம் பற்றிய ஒரு நோக்கு

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களிலே பாலூட்டல் தாயின் விருப்பத்தோடு மட்டும் அமைவதன்று. ஈராண்டு பாலூட்டுதலைத் திருக்குர்ஆன் குறிப்பிடுகின்றது. ஒருத்தியிடம் பாலருந்திய பிள்ளைகள் உடன்பிறந்தாராகக் கருதப்பட்டு, அவர்களிடையே திருமணம் விலக்கப்படும். ஆதலின் செவிலித்தாயை நாடுவதும் எளிதன்று.

1985ஆம் ஆண்டில், பிரசவத்தின்பின் ஏற்றப்பட்ட குருதியால் எச்.ஐ.வி. தொற்றிய ஆஸ்திரேலியத் தாயொருத்தியிடமிருந்து குழந்தைக்கும் அது பாலின் வழியே பரவியிருத்தல் வேண்டுமென மருத்துவ ஏடொன்று அறிவித்தது. பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் உலக சுகாதார தாபனத்தின் ஒழுக்கக்கோவை 1981இலேதான் எழுந்திருந்தது. புட்டிப்பாலைக் கண்டித்தோரே அதனைச் சில தாய்மாருக்கு விதிக்க நேர்ந்தது விந்தையே.

ஆயின் புட்டிப்பாலுக்குத் தூயநீர் வேண்டும். தொற்றுள்ள தாய்மாருக்கு அரசே பால்மா வழங்கிய பொட்சுவானாவில், 2006இன் கடுமழைக்குப்பின் வயிற்றோட்டம் பரவிற்று. தாய்ப்பாலருந்தாக் குழந்தைகளே அதற்குப் பெரிதும் இரையாயினர். கல்முனைக் கரையிலும் முன்னர் நீருக்குரிய ஆதாரம் பெரிதும் ஆழங்குறைந்த மணற்கிணறாகவே இருந்தது. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை அக்கிணறுகளில் உப்பேற்றியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இதனினும் நுட்பமானது மறைப்பினால் விளையும் தீங்கு. தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் நிகழ்ந்து 1999இல் வெளியான ஆய்வின்படி, மூன்று மாதத்தில் தொற்றியிருந்த குழந்தைகள், தாய்ப்பால் மட்டும் அருந்தியோரில் நூற்றுக்கு 14.6, தாய்ப்பாலோடு பிறவும் உண்டோரில் 24.1. இரண்டையும் கலந்தூட்டுவதே கேடு. கிழக்கிலங்கையிலோ திருமணமான மகள் தாய்வீட்டிலோ அதனருகிலோ வாழ்வதே வழக்கம். மூத்த பெண்கள் சூழ்ந்த அவ்வீட்டில் பாலூட்டாத தாய் காரணங் கேட்கப்படுவாள். கேள்விக்கஞ்சி யாவருங்காண மார்பையும், தனிமையிற் புட்டியையும் கொடுப்பவள், அறியாமலே அக்கேட்டினுள் வீழ்வாள்.

மருந்து இந்நிலையை மாற்றிற்று. தொற்றடக்கும் மருந்தை முறையாக உட்கொள்ளும் தாய் பாலூட்டலாமென 2010இலும், ஈராண்டோ அதற்கு மேலுமோ தொடரலாமென 2016இலும் உலக சுகாதார தாபனம் வழிகாட்டிற்று. திருக்குர்ஆன் குறித்த காலமும் ஈராண்டே. எனினும் எந்நாடு எம்முறையைக் கொள்வதென்பது அவ்வந்நாட்டின் முடிவுக்கு விடப்பட்டது.

தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுதலை ஒழித்த நாடென இலங்கை 2019 டிசம்பரில் சான்றுபெற்றது. இதற்கு அடிப்படை, கர்ப்பிணிச் சிகிச்சை நிலையங்களில் தாய்மார் அனைவரிடமும் குருதி பெற்றுச் சோதித்தமையாகும். எல்லோரிடமும் பெறப்பட்டமையால் எவளும் தனித்துச் சுட்டப்படவில்லை.