காவியும் திசையனும்: ஒரு வடிவியற் கலைச்சொல்லின் வரலாறு

எர்மன் கிராஸ்மன் என்ற பெயர் மொழியியலார்க்குப் புதியதன்று. வடமொழியிலும் கிரேக்கத்திலும் ஒரு சொல்லில் இரு மூச்சொலிகள் அடுத்தடுத்த அசைகளில் வரின் முன்னது மூச்சொலித்தன்மையை இழக்கும் என அவர் 1863இல் நிறுவிய விதி, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவரது இருக்கு வேத அகராதி 1873 முதல் வெளிவந்தது. ஆனால் ஸ்டெட்டின் நகரப் பள்ளியாசிரியரான இவரே 1844இல் திசை கொண்ட கோட்டுத்துண்டுகளைக் கூட்டவும் பெருக்கவும் ஓர் இயற்கணிதம் வகுத்தவர் என்பதை மொழியியல் நூல்கள் பெரும்பாலும் போகிறபோக்கில் மட்டுமே சொல்லிச் செல்கின்றன.

இதன் வேர் லைப்னிட்சிடம் உள்ளது. இயற்கணிதம் அளவைக் கூறுகிறதேயன்றி இருப்பைக் கூறவில்லை. இருப்பை நேரே கூறும் குறியீட்டு மொழி ஒன்று வேண்டும் என 1679இல் அவர் ஹைகன்சுக்கு எழுதினார். இக்கருத்தை வளர்த்தெடுப்பதற்கென லைப்சிக் நகரக் கழகம் ஒன்று அறிவித்த பரிசு 1846இல் கிராஸ்மனுக்குக் கிடைத்தது. எனினும் அவரது 1844ஆம் ஆண்டு நூலைப் படித்தோர் மிகச் சிலரே.

சொல்லைத் தந்தவர் வேறொருவர். டப்ளினில் 1843 அக்டோபர் 16இல் நான்மை எண்களைக் கண்டறிந்த ஹாமில்டன், அவற்றின் ஒரு பகுதிக்கு வெக்டர் என்றும் மற்றதற்கு ஸ்கேலர் என்றும் பெயரிட்டார். வெக்டர் என்பது இலத்தீனில் 'சுமந்து செல்வது' எனப் பொருள்படும். ஞாயிற்றிலிருந்து கோளுக்கு வரையும் கோட்டைக் குறிக்க வானியலார் இச்சொல்லை முன்னரே ஆண்டனர். ஹாமில்டனோ சொற்பொருளை அப்படியே ஏற்று, ஒரு புள்ளியை ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்குக் கொண்டுசேர்க்கும் செயலாகவே அதனைக் கருதினார். கிராஸ்மன் வழங்கிய ஸ்ட்ரெக்கே என்னும் செருமானியச் சொல்லுக்குக் கோட்டுத்துண்டு என்பதே பொருள். இரண்டு பெயர்களிலும் திசை என்னும் கூறு வெளிப்படையாக இல்லை என்பது கருதத்தக்கது.

லைப்னிட்ஸ் வேண்டிய மொழி எத்தகைய ஆற்றலுடையது என்பதற்கு ஒரு சான்று போதும். முக்கோணத்தின் மூன்று குத்துயரங்களும் ஒரு புள்ளியில் சந்திக்கும் என்பதைப் பழைய முறையில் நிறுவத் துணைக்கோடுகள் பல வேண்டும்; எதனை வரைவது என்பது ஊகத்தைப் பொறுத்தது. இரு குத்துயரங்கள் வெட்டும் புள்ளியைத் தொடக்கமாகக் கொண்டு உச்சிகளைக் க, ச, த என்னும் வெக்டர்களாக எழுதினால், க·(ச−த)=0, ச·(த−க)=0 என்பன நமக்குத் தரப்பட்டவை. இவற்றைக் கூட்டக் க·ச என்பது நீங்கி, த·(ச−க)=0 எஞ்சுகிறது. அதாவது, மூன்றாம் உச்சியை அப்புள்ளியுடன் இணைக்கும் கோடும் எதிர்ப்பக்கத்திற்குச் செங்குத்தே. இங்குப் படத்தின் வேலையைத் தொடரியல் செய்துவிடுகிறது. இப்புள்ளிப் பெருக்கத்தை நான்மை எண்ணிலிருந்து தனியே பிரித்தெடுத்துத் தற்கால வடிவம் தந்தவர்கள் கிப்சும் ஹெவிசைடும் ஆவர்.

தமிழாக்கத்திற்கு வருவோம். இலங்கைப் பாடநூல்கள் காவி, எண்ணி என்கின்றன. தமிழகத்தில் திசையன், திசையிலி என்னும் ஆக்கங்களும் வெக்டர், ஸ்கேலர் என்னும் ஒலிபெயர்ப்புகளும் வழங்குகின்றன. பள்ளிக் கணித நூல்கள் வெக்டரையே பெரிதும் கைக்கொண்டுள்ளன. திசையன் கேட்டவுடன் விளங்குகிறது. அதன் வலிமை அதுவே. ஆயின் சுழி வெக்டருக்குத் திசை வரையறுக்கப்படவில்லை. திசையில்லாத திசையன் என்ற முரண் மாணவனை முதல் இயலிலேயே எதிர்கொள்கிறது. பல்லுறுப்புக் கோவைகளையும் வெக்டர்களாகக் கொள்ளும் உயர்கணிதத்தில் இவ்விடர் மேலும் பெருகும்.

காவி, காவுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. தோளில் சுமத்தலைக் குறிக்கும் அவ்வினை ஈழத்துப் பேச்சில் இன்றும் உயிரோடு உள்ளது. ஹாமில்டனின் கருத்துக்கு இதைவிட நெருங்கிய சொல் தமிழில் கிடைப்பது அரிது. தமிழக மாணவனுக்கோ அது முதலில் நிறத்தையே நினைவூட்டும். இதனைச் சிறு குறை என ஒதுக்க இயலாது. எனினும் தானக்காவி, அலகுக்காவி எனத் தொகைகள் தடையின்றி அமைவதும், நிலை வெக்டர் போன்ற கலப்புத் தொடர்கள் தேவைப்படாமையும் அச்சொல்லுக்கு ஆதரவாக நிற்கின்றன.