சொவெற்றோ மாணவர் எழுச்சி

இன ஒதுக்கல் பாடசாலையிலேயே வேரூன்றுகின்றது என்பதற்குத் தென்னாபிரிக்க வரலாறு தக்க சான்றாகும். 1948 இல் ஆட்சிபீடமேறிய தேசியக் கட்சி, 1953 இல் பாண்டுக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. கறுப்பினப் பிள்ளைகளை உடலுழைப்புக்கும் ஏவலுக்கும் மாத்திரம் பழக்குவதே அதன் உட்கிடை. வெள்ளையினப் பிள்ளைக்குச் செலவிடப்பட்டதன் சிறு பகுதியே கறுப்பினப் பிள்ளைக்குக் கிட்டியது.

1974 இல் கணிதம், சமூகக்கல்வி முதலிய பாடங்கள் ஆபிரிக்கான்ஸ் மொழியிற் போதிக்கப்படவேண்டுமெனக் கட்டளை பிறந்தது. அது ஆள்வோரின் மொழி. கறுப்பின ஆசிரியர் பலருக்கே அது சரிவரத் தெரியாது. இதற்கு முன்னரே ஸ்டீவ் பிக்கோ முதலிய பல்கலைக்கழக மாணவர் தோற்றுவித்த கறுப்புணர்வு இயக்கம், தாழ்வுணர்ச்சியைக் களையுமாறு இளைஞரைத் தூண்டியிருந்தது.

1976 யூன் 16 ஆம் நாள் சொவெற்றோப் பள்ளி மாணவர் ஆயிரக்கணக்கில் ஊர்வலமாகச் சென்றனர். பொலிசார் சுட்டனர். 12 வயதுச் சிறுவன் ஹெக்டர் பீற்றர்சன் உயிரிழந்தான். கிளர்ச்சி நாடெங்கும் பரவியது. அடுத்த மாதமே மொழிக்கட்டளை கைவிடப்பட்டது. ஆயினும் பாண்டுக் கல்வி ஒழியவில்லை. 1977 இல் பிக்கோ பொலிஸ் காவலில் மாண்டார். அனைத்து இனத்தவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் 1994 இலேயே நடைபெற்றது.

இந்நெடிய இடைவெளி கருதத்தக்கது. சொவெற்றோ மாணவருட் பலர் அவ்விடுதலையைக் காணாமலே மடிந்தனர். யூன் 16 இன்று அந்நாட்டின் இளைஞர் தினம். தமக்குக் கற்பிக்கப்படுவது எதற்காக என வினவும் கடமை எந்நாட்டு மாணவருக்கும் உண்டு. பிறிதோர் இனத்தவன் இழிவுபடுத்தப்படுகையில் வாளாவிருக்கப் பழக்கும் கல்வி, பாண்டுக் கல்வியின் மறுபக்கமேயாகும்.