உயிர் குறையக் குறைய அடி கூடும் கவசம்

போன வருஷம் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவுக்கு உடப்புக்குப் போயிருந்தேன். தீமிதிப்புக்கு முந்தின நாள் இரவு. கோயில் பக்கமிருந்து ஸ்பீக்கர் சத்தம் வந்துகொண்டே இருந்தது. மச்சான் திண்ணையில் சாய்ந்துகொண்டு போனில் ரூன்ஸ்கேப் விளையாடிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். அவனுடைய வீரன் கல்லுப் போல ஒரு கேக்கைத் திரும்பத் திரும்பத் தின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு கடிக்கும் உயிர் குறைந்துகொண்டே போனது. 99இல் தொடங்கியது கடைசியில் 1இல் வந்து நின்றது.

"என்னடா, உன்னையே நீ கொல்லப் போறியா?" என்று கேட்டேன்.

"இந்த செட்டப் போட்டா அப்பிடித்தான் மச்சான். உயிர் குறையக் குறையத்தான் அடி கூடும்" என்றான்.

மச்சான் கற்பிட்டிப் பக்கம் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்கும் சங்குக்கும் குளிக்கிறவன். அவன் சொன்னது அந்த இரவு எனக்குக் கேம் பற்றிய விஷயமாக மட்டும்தான் பட்டது. பிறகு கெம்பசுக்கு வந்து வரலாற்றுப் பாடத்துக்காக முத்துக்குளிப்புப் பற்றி வாசிக்கும்போது அந்த வசனம் மறுபடி வந்து நின்றது. இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் கேம். ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் பிறந்தது. 2005இல் அதில் 'பாரோஸ்' என்ற இடத்தைச் சேர்த்தார்கள். ஆறு மண்மேடுகள், அவற்றுக்குக் கீழே ஆறு சகோதரர்களின் கல்லறைகள். அவர்களோடு சண்டை பிடித்து வென்றால் அவர்களுடைய கவசங்கள் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். ஆறு பேரில் ஒருவன் தாரோக். அவனுடைய தலைக்கவசம், மார்க்கவசம், கால்கவசம், பெரிய கோடரி நான்கையும் சேர்த்து அணிந்தால்தான் அந்த விசேஷ பலன் வேலை செய்யும். மொத்த உயிர் 99 இருக்கிறவன் 1 உயிரோடு நின்று அடித்தால், வழமையான உச்ச அடியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விழும். ஆனால் எதிரியின் அடுத்த சின்ன அடியே அவனை முடித்துவிடும்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இந்த கேமில் 'வில்டர்னஸ்' என்றொரு காட்டுப் பகுதி உண்டு. அங்கே ஒரு ஆட்டக்காரர் இன்னொருவரைக் கொல்லலாம். செத்தவரிடம் விலை கூடிய மூன்று பொருட்கள்தான் மிஞ்சும். மற்றதெல்லாம் கொன்றவருக்கு. வலியப் போய் அடித்தவரின் தலைக்கு மேலே மண்டையோட்டுச் சின்னம் விழும். அந்த நேரம் செத்தால் அந்த மூன்றும்கூட இல்லை. மாசக்கணக்கில் சேர்த்த கவசத்தைப் போட்டுக்கொண்டு அங்கே போவது, வீட்டுப் பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போவது மாதிரி.

இப்படிப்பட்ட இழப்பு ஒன்லைன் கேம்களோடு கூடவே பிறந்தது. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' என்ற எழுத்து மட்டுமே உள்ள கேமில், சண்டையில் செத்தால் பாத்திரமே அழிந்துவிடும். 1997இல் வந்த 'அல்டிமா ஒன்லைன்' விளையாட்டில் உங்களைக் கொன்றவர் உங்கள் உடம்பிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகலாம். புதுசாக வந்தவர்கள் தாங்க முடியாமல் விட்டுப் போனார்கள். 2000இல் அந்த உலகத்தையே இரண்டாக்கி, ஒன்றைப் பாதுகாப்பான உலகமாக மாற்றினார்கள். 2004இல் வந்த 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' இன்னும் இளகிய மனசு. அங்கே செத்தால் கவசம் கொஞ்சம் தேயும், காசு கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம்.

அப்படியென்றால் எல்லாரும் பாதுகாப்பைத்தான் விரும்பினார்களா? ரூன்ஸ்கேப்பின் கதை வேறு மாதிரிப் போனது. கேமுக்குள் இருக்கும் பொருளை வெளியே நிஜக் காசுக்கு விற்கும் வியாபாரத்தை ஒழிக்க, 2007 டிசம்பர் 10ஆம் திகதி வில்டர்னசில் ஆளை ஆள் கொல்லுவதை நிறுவனம் நிறுத்தியது. ஆட்டக்காரர்கள் கேமுக்குள்ளேயே கூட்டம் கூடி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு வாக்கெடுப்பு வைத்தார்கள். பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் வாக்குகள் விழுந்தன. 91 வீதமானோர் பழைய ஆபத்து வேண்டும் என்றார்கள். 2011 பெப்ரவரி 1இல் அது திரும்ப வந்தது.

தங்களிடம் இருப்பதைப் பறிகொடுக்கும் உரிமைக்காக மனிதர்கள் வாக்குப் போட்டிருக்கிறார்கள். முதலில் எனக்குப் பகிடியாக இருந்தது. பிறகு யோசித்தால் அதில் ஒரு நியாயம் தெரிந்தது. பறிபோகவே முடியாத கவசத்தைப் பெட்டியில் வைத்தாலும் ஒன்று, உடம்பில் போட்டாலும் ஒன்று. அதோடு, அங்கே ஆபத்தை எடுக்கிறவரும் அவரே, வென்றால் முழுசாக அள்ளுகிறவரும் அவரே. எவ்வளவைக் கொண்டுபோவது, எப்போது திரும்பி ஓடுவது என்ற முடிவும் அவர் கையில்தான்.

கவசத்தின் கதை எங்கட ஊருக்குப் புதுசில்லை. திரௌபதை அம்மன் கோயில் என்றால் பாரதக் கதை. அதில் சின்ன வயசிலிருந்து என்னை அழவைக்கிறவன் கர்ணன். உடம்போடு பிறந்த கவசத்தைக் கேட்டு வந்தவனுக்கு அறுத்துக் கொடுத்தவன். இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் கவசம் என்றால் இரும்பு மட்டும் இல்லை, மந்திரமும்தான். கந்த சஷ்டி கவசத்தில் உடம்பின் உறுப்பு ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் காக்கச் சொல்கிறோம். சொல்லாலேயே செய்த சட்டை அது.

அந்தச் சொற்கவசத்தை உண்மையிலேயே தொழிலுக்குப் போட்டுக்கொண்டு போனவர்கள் எங்கள் கடலில் இருந்தார்கள். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைத்தான் சொல்கிறேன். இபுனு பதூதா 1344இல் புத்தளத்தில் இறங்கியபோது, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னால் ஆட்கள் முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். முத்துக்குளிப்புக்குத் தமிழில் 'சலாபம்' என்றொரு சொல் உண்டு. சிலாபம் என்ற ஊர்ப்பேரே அதிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் பெரிய குளிப்புகள் இன்றைய புத்தளம் மாவட்ட எல்லைக்கு வடக்கே, மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை, அரிப்புப் பக்கம் நடந்தன. வெறும் மணலாய்க் கிடந்த கரையில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே முளைக்கும். யாழ்ப்பாணம், கீழக்கரை, தூத்துக்குடி, அரபு நாடு என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள்.

குளிக்கிறவரிடம் இருந்த சாமான்களைக் கேளுங்கள். காலுக்கு ஒரு கனத்த கல், 15 கிலோவுக்குக் கிட்டவாக இருக்கும். கல்லுக்கு ஒரு கயிறு. சிப்பி போட ஒரு வலைப்பை. சிலர் மூக்கைக் கொம்புக் கவ்வியால் அடைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்குக் கல்லோடு இறங்கி, ஒரு நிமிஷம் மூச்சடக்கி, அகப்பட்டதை அள்ளிக் கயிற்றை ஆட்டினால் தோணியில் இருப்பவர் இழுத்தெடுப்பார். உடம்பில் இரும்பு எதுவும் இல்லை.

இருந்தது கடல்கட்டியின் மந்திரம். சுறாவின் வாயைக் கட்டுகிறவர் என்று நம்பப்பட்டவர் கடல்கட்டி. தோணிகள் கடலுக்குப் போனதிலிருந்து திரும்பும் வரைக்கும் அவர் கரையில் மந்திரம் ஓதிக்கொண்டிருப்பார். அவர் இல்லாமல் குளிகாரர்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். மந்திரத்தில் துளி நம்பிக்கை இல்லாத ஆங்கிலேய அரசாங்கம்கூட அவருக்குக் கூலி கொடுத்தது. வேறு வழியில்லை, குளிப்பு நின்றால் வருமானமும் நின்றுவிடும். 1859இல் இலங்கை பற்றிய தன் நூலை வெளியிட்ட எமர்சன் டெனன்ட் இதைப் பற்றி விவரமாகவே எழுதியிருக்கிறார்.

சுறா கடித்த சம்பவங்கள் உண்மையில் அபூர்வம். கூட்டம் நெருங்கிய முகாம்களில் பரவிய வாந்திபேதிதான் பெரிய பயம். அதைக் கட்டக் கடல்கட்டியாலும் முடியவில்லை.

இனிப் பங்குக்கு வருவோம். மாலையில் தோணிகள் கரைக்கு வந்ததும் சிப்பி முழுவதையும் 'கொட்டு' என்ற அடைப்புக்குள் கொண்டுபோகவேண்டும். அங்கே அதை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். அதில் இரண்டை அரசாங்கத்தின் ஆள் தெரிவு செய்வார். மிஞ்சிய ஒன்றுதான் தோணியில் போன எல்லாருக்கும். மூச்சடக்கி இறங்கியவருக்கு அந்த மூன்றில் ஒன்றிலும் ஒரு பகுதிதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதுதான் வழக்கம். எப்போது குளிப்பது, எந்தப் பாரில் குளிப்பது, எத்தனை நாள் என்பதையும் அரசாங்கமே தீர்மானித்தது.

வில்டர்னசோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே உயிரைப் பணயம் வைத்தவர் வென்றால் மூன்று குவியலும் அவருக்கு. இங்கே உயிரை வைத்தது ஒருவர், இரண்டு குவியலைத் தூக்கியது கரையில் நின்ற இன்னொருவர். குளிகாரரிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

1906இல் அரசாங்கம் முத்துப் பார்களை லண்டனில் பதிவான ஒரு கம்பனிக்கு 20 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. வருஷ வாடகை 3,10,000 ரூபாய். 1907க்குப் பிறகு சிப்பி இல்லாமல் போனது. கம்பனி நொடித்துப்போனது. அந்தக் கம்பனிக்கு வந்த நஷ்டத்துக்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கரையை நம்பி வந்துபோன குளிகாரர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதற்கு, நான் வாசித்த புத்தகங்களில் ஒரு பக்கம்கூட இல்லை.

முத்து போனது. குளிப்பு போகவில்லை. இன்று கற்பிட்டிக் கடலில் ஆட்கள் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிறார்கள். கல்லுக்குப் பதிலாக முதுகில் சிலிண்டர். பார்த்தால் இதுதான் சரியான கவசம் என்று தோன்றும். தண்ணீருக்கடியில் மூச்சு விடலாம், ஒரு நிமிஷத்துக்குப் பதிலாக அரை மணித்தியாலம் நிற்கலாம். ஆனால் அந்தக் கவசம் தன் ஆபத்தையும் கூடவே கொண்டுவந்தது. ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும் காற்றிலிருக்கும் நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்துகொண்டே போகும். அவசரமாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தது மாதிரி அது குமிழியாக வெளியேறும். மூட்டு வலிக்கும், கை கால் மரத்துப்போகும், சிலருக்கு இடுப்புக்குக் கீழே வராமலே போய்விடும். ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர், எவ்வளவு நேரம் கீழே, மேலே வரும்போது எங்கெங்கே நின்று வரவேண்டும் என்பதற்கெல்லாம் அட்டவணைகள் இருக்கின்றன. ஆனால் கரைக்குக் கிட்டவாக இருந்த அட்டையை அள்ளி முடித்தபிறகு, மிச்சம் ஆழத்தில்தான் கிடக்கிறது. ஆழம் கூடக் கூடத்தான் காசு. மச்சானுடைய தாரோக் செட்டின் கணக்கேதான்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபிறகு மச்சானுக்குப் போன் எடுத்தேன். முத்துக்குளிப்பு, கடல்கட்டி, மூன்று குவியல் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "இப்பவும் போட்காரன், சிலிண்டர்காரன், வாங்கிற முதலாளி எல்லாரும் எடுத்தாப்பிறகுதான் எனக்கு" என்றான். பிறகு, போன மாசம் தன்னோடு குளிக்கிற ஒருவருக்கு இடது கால் ஒரு வாரமாக மரத்துக் கிடந்தது என்றும், இப்போது அவர் திரும்பவும் இறங்குகிறார் என்றும் சொன்னான்.

"கேம்ல மாதிரி ஓடி வந்திரலாமே" என்றேன், பகிடிக்கு.

"கேம்ல ஓடினா செட்டு மிஞ்சும் மச்சான். இங்க ஓடினா லோன் மிஞ்சும்" என்றான்.

அதற்கு மேல் அவனிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர் பாவிக்கிறாய் என்று மட்டும் கேட்டேன். சொன்னான். எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த கிழமை போகும்போது அந்த அட்டவணையைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். படித்துப் பார்ப்பான் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் இந்தக் கரையில் இருக்கிறவர்கள், வீட்டில் கடலில் குளித்த அப்பாவோ, மாமாவோ, அப்பப்பாவோ இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். எவ்வளவு ஆழம் போனார்கள், எதை நம்பி இறங்கினார்கள், கரைக்கு வந்தபிறகு யார் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். கம்பனிகளின் கணக்குப் புத்தகம் ஏற்கெனவே இருக்கிறது. இறங்கினவர்களின் கணக்கைத்தான் இனி எழுதவேண்டும்.