யாரைச் சந்தேகிக்கிறோம்?

‘சுழல்’ தொடரின் முதல் பருவம் 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வெளியானது. எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் வந்துவிட்டன. வசதி இருந்தவர்கள் ஓர் இரவில் பார்த்து முடித்தார்கள். காரைக்குடியில் விடுதியில் தங்கிப் படித்த என் மாணவிகளுக்கு அது முடியவில்லை. ஆறு பேருக்கு ஒரு கைபேசி, அதிலும் நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கிடைக்கும் டேட்டா. ஆகவே இரவுக்கு ஒரு பகுதி என்று பார்த்தார்கள். மிச்ச நேரமெல்லாம் அடுத்து என்ன என்ற பேச்சுதான்.

கடைசிப் பகுதிக்கு இன்னும் சில இரவுகள் இருந்தபோது, ஒரு நோட்டின் பின்பக்கத்தில் அவர்கள் போட்டிருந்த பட்டியலைப் பார்த்தேன். சிறுமி நிலா காணாமல் போனதற்கு யார் காரணம் என்று வாக்கெடுப்பு நடத்தியிருந்தார்கள். சிமெண்ட் ஆலை முதலாளிக்கு இரண்டு வாக்கு. குடும்பத்தை விட்டுப் போன தாய்க்கு ஒன்று. போலீஸுக்கு ஒன்று. ஒருத்தி நிலாவின் பெயரையே எழுதியிருந்தாள். “வீட்டுக்குத் தெரியாமப் பையனோட சுத்துனா இப்படித்தாம்மா ஆகும்” என்று அதற்கு விளக்கமும் சொன்னாள். ஆறாவது மாணவி மட்டும் வேறு மாதிரிச் சொன்னாள். “கூடவே நின்னு தேடுறாங்கள்ல, அந்த வீட்டு ஆளுகள்ல ஒருத்தர்தாம்மா.” ஏன் என்று மற்றவர்கள் கேட்டார்கள். “தெரியும்” என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.

குற்றக் கதையின் முடிவை ஊகிப்பது வெறும் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. யாரைச் சந்தேகிக்கிறோம் என்பதில் நாம் வளர்ந்த வீடும் ஊரும் இருக்கின்றன. யாரைச் சந்தேகிக்க நமக்கு அனுமதி இல்லை என்பதும் அதில் இருக்கிறது. பெண்களின் ஊகங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதால் கதைகளின் வழியாகத்தான் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழில் துப்பறியும் நாவல்கள் பெருகின. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்கள் எல்லாம் பதிப்பு மேல் பதிப்பாக விற்றன. இவற்றைப் பெண்கள் படிக்கக் கூடாது, படித்தால் கெட்டுப் போவார்கள் என்று கண்டித்தவர்கள் பலர். கண்டிக்க வேண்டிய அளவுக்குப் பெண்கள் படித்திருக்கிறார்கள் என்பதே அதில் நமக்குக் கிடைக்கும் செய்தி.

அந்த உலகத்துக்குள் எழுத்தாளராகவே நுழைந்தவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901-இல் பிறந்தவர். ஐந்து வயதில் மணம் செய்து கொடுக்கப்பட்டவர். பள்ளிக்கூடம் போகாதவர். தன் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, அதில் ‘வைதேகி’ நாவலைத் தொடராக வெளியிட்டார். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். மர்மமும் துப்பறிதலும் அவருக்கு அந்நியமல்ல. ஒரு பெண் சொல்ல, இன்னொரு பெண் எழுத, இதழாகி வந்ததை இன்னொரு பெண் படித்துக் காட்ட, படிக்கத் தெரியாத நாலு பெண்கள் கேட்டார்கள். கதைக்கும் வாசகிக்கும் இடையே இருந்த அந்த வழியில் ஆண்களின் அனுமதிக்கு அதிக வேலை இருக்கவில்லை.

செட்டிநாட்டு வீடுகளில் இது எப்படி நடந்தது என்று வயதான ஆச்சிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போன ஆண்கள் வருஷக் கணக்கில் திரும்ப மாட்டார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் இரண்டாங்கட்டில் பெண்கள் மட்டும். ஒருவர் படிக்க, மற்றவர்கள் புளி கொட்டை எடுத்துக்கொண்டே கேட்பார்கள். ‘தொடரும்’ என்று வந்ததும் படிப்பு நிற்கும், கை நிற்காது, பேச்சு தொடங்கும். “சொத்துக்காக மாமன்தான் செஞ்சிருப்பான்.” “இல்ல, அந்தக் கணக்கப்பிள்ளை முழியே சரியில்ல.” கணக்கப்பிள்ளையின் முழி கதையில் எங்கும் வந்திருக்காது. அது அந்த வீட்டுக் கணக்கப்பிள்ளையின் முழி.

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் ஏறக்குறைய ஒரு லட்சம். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, அது சென்னைக்குப் போய் ஆய்வு நூலகமானது. பிறர் குப்பை என்று ஒதுக்கிய மலிவுப் பதிப்பு நாவல்களையும் அவர் ஒதுக்கவில்லை. அதனால் கதைகள் தப்பின. இரண்டாங்கட்டில் அவற்றைச் சுற்றி நடந்த பேச்சைச் சேர்த்து வைக்க யாரும் இல்லை.

அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஒரு திரைப்படம் உதவுகிறது. காரைக்குடிக்காரரான ஏ. வி. மெய்யப்பன் தயாரித்து, எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954 ஏப்ரல் 13 அன்று வெளியானது. மெய்யப்பன் ‘நாம் இருவர்’ படத்தை எங்கள் ஊர் ஸ்டுடியோவிலேயே எடுத்து முடித்து, பிறகு கோடம்பாக்கத்துக்குப் போனவர். ‘அந்த நாள்’ பாட்டே இல்லாத தமிழ்ப்படம். 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய நாளில், ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு உறவிலிருந்த அம்புஜம், மனைவி உஷா என ஐந்து பேர் மீது சந்தேகம். விசாரிக்க விசாரிக்க ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு கதை வருகிறது. கடைசியில் உஷாவின் கையிலிருந்த துப்பாக்கிதான் என்று தெரிகிறது.

இந்தப் படத்தை ஆண்டுதோறும் மாணவிகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன். பாதியில் நிறுத்திக் கேட்டால் பெரும்பாலும் வரும் பெயர் அம்புஜம். அவள் மனைவி இல்லை, அது போதும். உஷாவை யாரும் சொல்வதில்லை. பண்டரிபாய் அழுதுகொண்டிருக்கிறார், தாலி கட்டிய பெண், அதுவும் போதும். பாலசந்தரின் திறமை நம்முடைய இந்த நம்பிக்கையைக் கடைசிக் காட்சி வரை பத்திரமாகப் பயன்படுத்திக்கொண்டதில் இருக்கிறது.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறொன்று. ராஜன் உஷாவுக்குத் துரோகம் செய்தான். இன்னொரு பெண்ணோடு வாழ்ந்தான். அந்தக் காரணத்துக்காக அவள் துப்பாக்கியை எடுத்திருந்தால் பார்வையாளர் மன்னித்திருக்க மாட்டார்கள் என்று படத்துக்குத் தெரியும். ஆகவே அவன் எதிரிக்கு நாட்டின் ரகசியத்தை விற்றவனாகிறான். தேசத்துக்குச் செய்த துரோகம் சேர்ந்தால்தான் மனைவியின் கையில் துப்பாக்கி தங்குகிறது. அவளுக்குச் செய்த துரோகம் மட்டும் ஒரு வழக்காகக்கூட எடுத்துக்கொள்ளப்படவில்லை. 1954-இல் ஒரு பெண் யாருக்காகக் கோபப்படலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நாற்பது வருஷம் கழித்து, 1990-களின் பிற்பகுதியில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ ஊரையே தொலைக்காட்சி முன் உட்கார வைத்தது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த ‘மர்மதேசம்’ வரிசையில் வந்த கதை அது. தப்பு செய்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொல்வது கருப்புசாமியா, மனிதனா? வாரம் ஒரு பகுதிதான். எங்கள் தெருவில் டிவி இருந்த வீட்டில் கூடுவோம். முடிந்ததும் ஆளுக்கொரு தீர்ப்பு. வெளியூரிலிருந்து வந்திருக்கும் டாக்டர் பெண்மீதே பலருக்குச் சந்தேகம். தனியாக வருகிறாள், கேள்வி கேட்கிறாள், சாமியை நம்ப மறுக்கிறாள். அவளைச் சந்தேகிக்க அதற்கு மேல் என்ன வேண்டும்?

என் அப்பத்தா இந்தப் பேச்சில் சேராமல் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். ஒரு வாரம் யாரோ அவரிடம் கேட்டார்கள், “நீங்க சொல்லுங்க, கருப்பனா, மனுஷனா?” அப்பத்தா உலக்கையை நிறுத்தாமல் சொன்னார்: “மனுஷந்தான். கருப்பனா இருந்தா மொதல்ல நம்ம வீட்டுக்கில்ல வந்திருப்பான்.” எல்லோரும் சிரித்தார்கள். அப்பத்தா சிரிக்கவில்லை. சிறு வயதில் கணவனை இழந்து, தன் நகையும் தன் பங்கு நிலமும் எங்கே போயின என்று யாரிடமும் கேட்காமல் எங்கள் வீட்டில் ஐம்பது வருஷம் அரிசி புடைத்தவர் அவர். கருப்பர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்யக் கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒரு தொடரின் முடிவை ஊகிக்கும் சாக்கில் அன்றைக்கு அவர் கருப்பர் முன்னால் சத்தியம் செய்தார் என்று இப்போது புரிகிறது. கதையின் விடை சிறு வயதில் பட்ட காயத்தால் இரண்டாகப் பிளந்த ஒரு மனிதனின் மனம் என்று பின்னால் தெரிந்தது. அப்பத்தாவின் ஊகம் சரியாகவே இருந்தது.

ஊகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2022 டிசம்பரில் வந்த ‘வதந்தி’ தொடர் அதைத்தான் கதையாக்கியது. கன்னியாகுமரிப் பக்கம் வெலோனி என்ற இளம்பெண் பிணமாகக் கிடக்கிறாள். கொன்றது யார் என்பதற்கு முன்பே அவள் எப்படிப்பட்டவள் என்பதை ஊரும் பத்திரிகைகளும் முடிவு செய்துவிடுகின்றன. அவளை வைத்து ஓர் எழுத்தாளர் கதையே எழுதிவிடுகிறார். இறந்தவளை மறுபடி மறுபடி விசாரிக்கிறார்கள். என் மாணவி நிலாவின் பெயரை எழுதியதும் இதே ஊகம்தான். அவள் கொடுமைக்காரி இல்லை. ஒரு பெண்ணுக்கு ஏதாவது நடந்தால் முதலில் அந்தப் பெண்ணிடமிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள்.

‘சுழல்’ எட்டாம் பகுதியில் விடை வந்தது. ஆலை இல்லை, போலீஸ் இல்லை, பையன் இல்லை. நிலாவையும் அவளுக்கு முன்பே அவள் அக்கா நந்தினியையும் சிறு வயதிலிருந்து சீரழித்தவன், அந்த வீட்டுக்குள்ளேயே, எல்லோருக்கும் பிரியமானவனாக, கூடவே நின்று தேடியவன். நம் நாட்டில் போக்சோ சட்டத்தின்கீழ் பதிவாகும் பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்கிறது. அந்தக் கணக்கு தெரிந்த நாட்டில் இந்த முடிவு யாருக்கும் அதிர்ச்சியாக இருந்திருக்கக் கூடாது. இருந்தது. பட்டியலில் வீடு இல்லாததுதான் காரணம்.

நந்தினி அவனைக் கொல்கிறாள். உஷாவுக்குத் தேவைப்பட்ட தேசம் அவளுக்குத் தேவைப்படவில்லை. தனக்கும் தங்கைக்கும் நடந்ததே போதுமானதாக இருந்தது. 68 வருஷத்தில் தமிழ்க் குற்றக் கதை கடந்த தூரம் இது. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பருவத்தில் அவள் சிறையில் இருக்கிறாள். அங்கே ஒரு வழக்கறிஞரின் கொலைக்காக இளம்பெண்கள் பலர் தனித்தனியாக வந்து, “நான்தான் கொன்றேன்” என்று சரணடைகிறார்கள். யார் செய்தது என்று கேட்பதே வழக்கமான இந்தக் கதை வகையில், பெண்கள் வரிசையாக வந்து பெயர் கொடுக்கிறார்கள்.

எட்டாம் பகுதி முடிந்த மறுநாள் வகுப்பில் அந்த ஆறாவது மாணவியைத் தோழிகள் கொண்டாடினார்கள். “நீ டைரக்டர் ஆயிரலாம்டி” என்றார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். எந்தக் காட்சியில் பிடித்தாய், எந்த வசனத்தில் சந்தேகம் வந்தது என்று கதைத் தொழில்நுட்பம் பற்றி அவளிடம் கேட்டேன். அவள் லேசாகச் சிரித்தாள். “தோணுச்சும்மா” என்றாள். மணி அடித்தது. நான் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன்.

அப்பத்தா சொன்னபோது சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்குப் பதினேழு வயது. இருபத்தைந்து வருஷம் கழித்து, முனைவர் பட்டமும் வாங்கி, பெண் எழுத்தைப் பாடமாகவும் நடத்திக்கொண்டு, அதே இடத்தில் நின்றிருக்கிறேன். இப்போதெல்லாம் மாணவிகள் எந்தத் தொடரைப் பற்றிப் பேசினாலும் முடிவைப் பற்றிய அவர்கள் ஊகத்தை முழுதாகக் கேட்கிறேன். “தெரியும்” என்று யாராவது சொன்னால் வகுப்பு முடிந்த பிறகு அவளோடு கொஞ்ச தூரம் நடக்கிறேன். சில சமயம் எதுவும் வருவதில்லை. சில சமயம் வருகிறது.

அந்த மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவே இல்லை.